மூச்சைப் பிடியுங்க

பகலில் குலசேகரம் ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறைக் கண்ணாடிக்கு இப்புறம் நின்று
நாளுக்கு அறுபது பேரிடம் சொல்வதுதான்.
இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன்,
உதடு அசையாமல்:
மூச்சை இழுங்க. பிடியுங்க. ஆடாதீங்க.

கீரிப்பாறையில் ரப்பர் முடிந்து
காடு தொடங்குகிற இடத்தில் ஒரு அயனி மரம்.
நாற்பதடி உயரத்தில் பொந்து.
பதினோரு இரவு வந்திருக்கிறேன்.
கிடைத்தவை:
எண்ணி முடியாத அட்டைக்கடி,
சீட்டுப் பணத்தில் வாங்கிய லென்ஸுக்குள் பூஞ்சை,
'பொம்பளையாளுக்கு ராத்திரி இங்க என்ன சோலி'
என்று ஒரு வனக்காவலர்,
ஒரே ஒருமுறை மரநாய்.

ஆந்தை இல்லை.
அது கக்கிய உருண்டைகள் மட்டும்
வேர்ப்பள்ளத்தில் கிடந்தன.
வீட்டில் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன்.
எலி மயிர். மூஞ்சூறின் தாடை,
பல் ஒன்றும் குறையவில்லை.
தீக்குச்சியில் பாதி நீளத்துக்கு ஒரு தொடை எலும்பு,
நடுவில் சிறு புடைப்பு.
பழைய முறிவு. தானாகவே கூடியிருக்கிறது.
கட்டுப் போட ஆளில்லாமல்
எந்தச் சருகுக்கு அடியில் படுத்துக் கிடந்ததோ,
மறுபடி ஓடத் தொடங்கியபின்தான்
அகப்பட்டிருக்கிறது.

மூன்று மணிக்குத் தோட்டத்தில் விளக்குகள் எழும்.
பால்வெட்டுக்காரர்களின் நெற்றி வெளிச்சம்,
மரத்துக்கு மரம் நின்று, குனிந்து, நகரும்.
அதில் ஒன்று என் பக்கமாக வந்தது.
றசாலம் அண்ணன்.

போன மாதம் அவர் மனைவியின் நெஞ்சை
நான்தான் படமெடுத்தேன்.
வலப்பக்கம் மேலே ஒரு வெண்மை.
அதை நான் சொல்லக்கூடாது,
டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
அவரும் அதைக் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரிப் பிள்ளையா?
காலன்கோழியப் படம் பிடிக்கவா வந்திய?
ரெண்டு மாசமாட்டு எங்க லைனுக்குப் பொறத்த
கெடந்து சிரிக்குவு அது.
ஏசுவடியா காதைப் பொத்திட்டாக்கும் ஒறங்குகா."

சொல்லி வாய் மூடவில்லை,
சிரித்தது.
அடியிலிருந்து நடுங்கி ஏறி
உச்சியில் உடைந்து
யாரோ படிக்கட்டில் உருண்டது போல் இறங்கி.
அவர் கை சட்டைக்குள் சிலுவையைத் தேடியது.
என் கை ஷட்டரை.

பொந்தில் இல்லை. பக்கத்து ரப்பரில்,
தாழ்ந்த கிளையில், இத்தனை நாளும்
நான் முதுகு காட்டி நின்ற பக்கத்தில்.

"அண்ணே, லைட்டை மேல காட்டாதீங்க.
தரையில பிடிங்க."
ஏன் என்று கேட்காமல் குனிந்தார்.
சிரட்டையில் நிறைந்த பாலில் பட்டு
வெளிச்சம் கொஞ்சம் மேலே வந்தது.
அவ்வளவு போதும்.
மூச்சை இழுத்தேன். பிடித்தேன்.
பக்கத்தில் அவரும் பிடித்திருந்தார்,
யாரும் சொல்லாமலே.

பதினான்கு படம். பதிமூன்று ஆடிப்போனது.
மிச்சமிருந்ததில் மணல் மணலாய் இருட்டு,
அதற்குள் வட்டம் வட்டமாய்க் கோடு போட்ட முகம்,
இமை பாதி மூடி,
எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல்.

திரையை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"இது எங்க அண்டி ஆபீஸ் மேஸ்திரி மாதிரில்லா இருக்கு.
சம்பளத்தன்னைக்கு இப்படித்தான் இருப்பாரு."
பிறகு, ஃபோனைத் துடைத்து நீட்டி,
"இதில ஏத்தித் தருவியளா? அவளுக்குக் காட்டணும்."

திங்கட்கிழமை ஏசுவடியாள் வந்தார்.
தாலிச்சங்கிலியைக் கழற்றி என் கையில் தந்து
பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றார்.
நான் வாய் திறக்கும் முன்பே
மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

திரையை என் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

சங்கிலியை மாட்டிக்கொண்டே கேட்டார்:
"அது முட்டை போட்டிருக்கா?"

தெரியல அக்கா, என்றேன்.
பொந்து ரொம்ப உயரத்தில.